ஆங்கிலம் படித்த நேரமெல்லாம் எங்கே போனது?

அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு மொழி கற்பிப்பதற்கென்றே ஒரு பயிற்சி நிறுவனம் நடத்துகிறது. ஆங்கிலம் பேசி வளர்ந்த ஒருவர் எந்த மொழியைக் கற்க எவ்வளவு காலம் ஆகும் என்பதைப் பல பத்தாண்டு அனுபவத்தில் அது கணக்கிட்டு வைத்திருக்கிறது. ஸ்பானிஷுக்கும் பிரெஞ்சுக்கும் ஆறேழு மாதம். தமிழுக்கு 44 வாரம். வகுப்பு நேரம் மட்டும் 1,100 மணி. அவர்களுக்குத் தமிழ் அவ்வளவு தொலைவு என்றால் நமக்கு ஆங்கிலமும் ஏறக்குறைய அதே தொலைவில்தான் இருக்க வேண்டும். வினையை வாக்கியத்தின் கடைசியில் வைத்துப் பழகியவர்கள் அதை நடுவில் கொண்டுவர வேண்டும். வேற்றுமை உருபைச் சொல்லின் வாலில் ஒட்டியவர்கள் அதைத் தனிச்சொல்லாக்கி முன்னால் நிறுத்த வேண்டும். பேருந்து நிலையக் கடைகளில் தொங்கும் ‘30 நாளில் ஆங்கிலம்’ வகைப் புத்தகங்களை இந்த 1,100-க்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அவற்றின் வாக்குறுதி எவ்வளவு பெறும் என்பது தெரிந்துவிடும்.

ஆனால் நம் பள்ளிக் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். நாளுக்கு 40 நிமிடப் பீரியட் ஒன்று, ஆண்டுக்கு 200 நாள், பத்து ஆண்டு என்று குறைத்தே வைத்தாலும் 1,300 மணி நேரத்தைத் தாண்டுகிறது. ஐரோப்பிய மொழித்தர அளவில் ‘பி2’ என்று ஒரு படி உண்டு. வேலையிடத்தில் ஓரளவு தடையின்றிப் பேசி எழுதக்கூடிய நிலை அது. அதை எட்ட 500 முதல் 600 மணி நேர வகுப்பு ஆகும் என்பது கேம்பிரிட்ஜ் தேர்வு அமைப்பின் மதிப்பீடு. அதாவது நேரம் இருந்திருக்கிறது, தேவைக்கு மேலேயே இருந்திருக்கிறது. அப்படியும் கல்லூரி முடித்த கையோடு ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு தேடிப் போகிறோம்.

ஆசிரியர் பற்றாக்குறை, வகுப்பின் அளவு, வீட்டுச் சூழல் என்று இதற்குக் காரணங்கள் பல; எல்லாம் உண்மையானவையே. இங்கே நான் பார்க்கப்போவது படிப்பவரின் கையிலேயே இருக்கும் ஒன்றை மட்டும்: படிக்கும் பழக்கம். நினைவாற்றல் குறித்தும் இரண்டாம் மொழி கற்றல் குறித்தும் நூறாண்டுக்கு மேலாக நடந்துவரும் ஆய்வுகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தால் எனக்குப் படுவது இது: படிக்கும்போது சுகமாக இருக்கும் வேலைகளுக்கே நம் நேரத்தில் பெரும்பங்கைக் கொடுத்துவிட்டோம்.

நினைவிலிருந்து தொடங்கலாம். 1885-இல் ஜெர்மானியர் ஹெர்மன் எபிங்ஹவுஸ், பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, தானே மறந்து, மறதியின் வேகத்தை அளந்தார். ஒரே மூச்சில் 68 முறை ஓதிப் பெற்ற பயனை, மூன்று நாளில் பிரித்து ஓதியபோது 38 முறையிலேயே பெற முடிந்தது என்பது அவர் கண்டவற்றுள் ஒன்று. ஒரு நூற்றாண்டு கழித்து ஹாரி பாரிக்கும் அவர் குடும்பத்தாருமாக நால்வர், 300 அயல்மொழிச் சொற்களை எடுத்துக்கொண்டு தங்களையே சோதனைக்கு உட்படுத்திக்கொண்டார்கள். சில சொற்களை 14 நாளுக்கு ஒரு முறை, சிலவற்றை 28 நாளுக்கு, சிலவற்றை 56 நாளுக்கு ஒரு முறை திருப்பிப் பார்த்தார்கள். படித்து முடித்து ஐந்தாண்டு வரை நினைவைச் சோதித்தார்கள். 56 நாள் இடைவெளியில் 13 முறை படித்ததும் 14 நாள் இடைவெளியில் 26 முறை படித்ததும் ஏறக்குறைய ஒரே பலனைத் தந்தன. உழைப்பு பாதி, விளைச்சல் சமம். 1993-இல் வெளியான இந்த ஆய்வில் கலந்துகொண்டவர்கள் நால்வர்தான் என்றாலும், இடைவெளி விட்டுப் படிப்பது நிலைக்கும் என்ற முடிவை வேறு பல ஆய்வுகளும் திரும்பத் திரும்ப உறுதி செய்திருக்கின்றன.

இதைவிட முக்கியமாக எனக்குத் தோன்றுவது 2008-இல் ஜெஃப்ரி கார்பிக்கியும் ஹென்றி ரோடிகரும் வெளியிட்ட ஆய்வு. மாணவர்களுக்கு 40 சுவாஹிலிச் சொற்களும் அவற்றின் ஆங்கிலப் பொருளும் தரப்பட்டன. ஒரு சொல்லை ஒருமுறை சரியாகச் சொன்ன பிறகு, சிலர் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்துப் படித்தார்கள். ஆனால் அதில் மறுபடி சோதிக்கப்படவில்லை. வேறு சிலர் திரும்பப் பார்க்கவே இல்லை. ஆனால் நினைவிலிருந்து சொல்லும்படி மீண்டும் மீண்டும் கேட்கப்பட்டார்கள். ஒரு வாரம் கழித்து, சோதிக்கப்பட்டவர்களுக்கு ஏறத்தாழ 80 விழுக்காடு சொற்கள் நினைவிருந்தன. பார்த்துப் படித்தவர்களுக்கு அதில் பாதிகூட இல்லை. இன்னொரு செய்தி: எவ்வளவு நினைவிருக்கும் என்று நினைக்கிறீர்கள் என முன்கூட்டியே கேட்டபோது, எல்லாக் குழுவினரும் பாதியளவு என்றே சொன்னார்கள். எந்த முறை தமக்குப் பயன்படுகிறது என்பது படித்தவர்களுக்கே தெரியவில்லை.

சுகம் என்று நான் சொன்னது இதைத்தான். பக்கத்தைத் திரும்ப வாசிக்கும்போது எல்லாம் தெரிந்ததுபோல் இருக்கிறது. மஞ்சள் மையால் கோடு போடும்போது வேலை நடப்பதுபோல் இருக்கிறது. புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எடுக்க முயன்றால் தடுமாற்றமும் எரிச்சலும்தான் மிஞ்சும். அந்தத் தடுமாற்றத்தில்தான் சொல் உள்ளே இறங்குகிறது. பத்துப் படிப்பு உத்திகளை 2013-இல் ஜான் டன்லாஸ்கியும் உடன் ஆய்வாளர்களும் எடைபோட்டபோது, தன்னைத்தானே சோதித்துக்கொள்வதும் இடைவெளி விட்டுப் படிப்பதும் மேலே வந்தன. கோடு போடுவதும் திரும்ப வாசிப்பதும் கீழே போயின. ‘நான் பார்த்தால் பிடித்துக்கொள்வேன், அவன் கேட்டால் பிடித்துக்கொள்வான்’ என்று ஆளுக்கொரு கற்கும் பாணி உண்டென்ற நம்பிக்கைக்கும் தக்க ஆதாரம் இதுவரை கிடைக்கவில்லை.

செய்முறை எளிது. நோட்டின் ஒரு பக்கம் ஆங்கிலம், மறுபக்கம் பொருள். ஒன்றை மறைத்து மற்றதைச் சொல்ல வேண்டும். அட்டைகளாக வெட்டிக்கொண்டால் இன்னும் நல்லது. செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மானியப் பத்திரிகையாளர் 1972-இல் சொன்ன முறை, ஒரு பெட்டியை அறைகளாகப் பிரிப்பது. சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும், தவறியது முதல் அறைக்குத் திரும்பும். பின்னறைகளைத் திறக்கும் இடைவெளி கூடிக்கொண்டே போகும். இதையே கணினிக்குக் கொண்டுபோனவர்களுள் முன்னோடி போலந்தின் பியோத்தர் வோஸ்னியாக். ஆங்கிலச் சொற்கள் மறந்துகொண்டே போகின்றன என்ற மாணவப் பருவத் தொல்லைதான் அவரை 1987-இல் சூப்பர்மெமோ என்ற மென்பொருள் எழுத வைத்தது. இன்று கைப்பேசியில் கிடைக்கும் ஆங்கி போன்ற செயலிகள் அதன் வழிவந்தவை. பலர் செயலியைப் பதிவிறக்கி, யாரோ செய்த ஐயாயிரம் அட்டைகளை ஏற்றி, இரண்டாம் வாரத்தில் கைவிடுகிறார்கள். நாளுக்குப் பத்து அட்டை, அதுவும் தான் வாசித்ததிலிருந்து தானே எழுதியது என்றால்தான் தாக்குப்பிடிக்கும்.

எந்தச் சொற்களை என்ற கேள்விக்கு விடை தேடியவர்களில் ஒருவர் வங்காளத்தில் வேலை பார்த்தவர். மைக்கேல் வெஸ்ட் டாக்காவில் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் இருந்தார். பாடப்புத்தகங்களில் புதுச்சொற்கள் நெருக்கியடித்துக்கொண்டு வருவதால் பிள்ளைகள் வாசிக்கவே முடியாமல் திணறுகிறார்கள் என்று கண்டு, சொற்களைக் குறைத்துக் கதைகளை மாற்றி எழுதினார். 1953-இல் அவர் வெளியிட்ட பட்டியலில் சுமார் 2,000 தலைச்சொற்கள். சாதாரண ஆங்கில எழுத்தில் பெரும்பகுதியை அந்த இரண்டாயிரமே தாங்குகிறது. அதற்கு மேலே ஏற்றம் செங்குத்து: நாவலையும் நாளிதழையும் துணையின்றி வாசிக்க எட்டாயிரம் முதல் ஒன்பதாயிரம் சொற்குடும்பங்கள் தேவை என்று நியூசிலாந்தின் பால் நேஷன் 2006-இல் கணக்கிட்டார். ஆக, முதல் இரண்டாயிரத்தை அட்டை வைத்து அடித்துப் பிடிப்பது நியாயம். மிச்சத்தை முழுக்க அப்படிப் பிடிக்க முடியாது, வாசித்துத்தான் ஆக வேண்டும்.

சொல் படிப்பதில் நமக்கு இரண்டு மூடநம்பிக்கைகள். ஒன்று, பழங்களின் பெயர், காய்கறிகளின் பெயர், நிறங்களின் பெயர் என்று சார்ட் போட்டுப் படிப்பது. நெருங்கிய பொருளுள்ள புதுச்சொற்களை ஒரே நேரத்தில் படித்தால் ஒன்றோடொன்று குழம்புகின்றன என்று 1990-களில் டிங்கம், வாரிங் ஆகியோரின் சோதனைகள் காட்டின. ‘இடது’, ‘வலது’ இரண்டையும் ஒரே நாளில் கற்ற குழந்தை வெகுநாள் தடுமாறுவது இதனால்தான். இன்னொன்று, தமிழில் பொருள் எழுதக் கூடாது, ஆங்கிலத்திலேயே விளக்கம் வேண்டும் என்ற கண்டிப்பு. தொடக்க நிலையில் தாய்மொழிப் பொருளோடு படித்த சொற்களே நன்றாக நிற்கின்றன. ஆனால் அதோடு நின்றுவிட்டால், அந்தச் சொல் எந்தச் சொல்லோடு சேரும் என்பது தெரியாமல் போகும். டீக்கடையில் ‘ஸ்ட்ராங்கா ஒரு டீ’ கேட்கிறோம். ‘பவர்ஃபுல்லா ஒரு டீ’ யாரும் கேட்பதில்லை. இரண்டு சொல்லுக்கும் அகராதி தரும் பொருள் ஏறக்குறைய ஒன்றுதான். எனவே அட்டையில் தனிச்சொல்லை எழுதுவதைவிட, அது வந்த சிறு தொடரையே எழுதுவது மேல்.

வாசிப்புக்கு வருவோம். ‘இங்கிலீஷ் வரணுமா, இந்து பேப்பர் படி’ என்பது தமிழ்நாட்டில் தலைமுறை தலைமுறையாகத் தரப்படும் அறிவுரை. நல்லெண்ணத்தில் சொன்னதுதான், பெரும்பாலோருக்குத் தவறான அறிவுரை. ஒரு பகுதியைத் தடையின்றிப் புரிந்துகொள்ள, அதிலுள்ள சொற்களில் 98 விழுக்காடு ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டும் என்கின்றன நேஷன் வழி ஆய்வுகள். அதாவது ஐம்பது சொல்லுக்கு ஒரு புதுச்சொல். முந்நூறு சொல் கொண்ட பக்கத்தில் ஆறுக்கு மேல் தெரியாத சொல் இருந்தால் அது இப்போதைக்கு உங்கள் புத்தகமல்ல. தலையங்கத்தில் முதல் பத்தியிலேயே ஆறு வந்துவிடும். பிறகு நடப்பது வாசிப்பல்ல, அகராதி புரட்டும் வேலை. சொல்லளவைக் கட்டுப்படுத்தி எழுதிய படிநிலை நூல்கள், சிறுவர் கதைகள், ஏற்கெனவே தமிழில் வாசித்த கதையின் ஆங்கில வடிவம் எல்லாம் இந்த இடத்துக்கு உரியவை. ‘இந்த வயசில் சிறுவர் கதையா’ என்ற கூச்சம் பலரை மேலே ஏறவிடாமல் செய்கிறது.

எளிய புத்தகங்களின் வலிமைக்குச் சிறந்த சான்று ஃபிஜித் தீவுகளிலிருந்து வந்தது. கிராமத்துத் தொடக்கப்பள்ளிகளில் வகுப்புக்குச் சுமார் 250 ஆங்கிலக் கதைப்புத்தகங்களை இறக்கிவிட்டு என்ன நடக்கிறது என்று வார்விக் எல்லியும் பிரான்சிஸ் மாங்குபாயும் பார்த்தார்கள். வழக்கமான பாடத்தோடு நின்ற பிள்ளைகளைவிட வாசிப்பிலும் கேட்டுப் புரிவதிலும் இவர்கள் ஏறத்தாழ இரு மடங்கு வேகத்தில் முன்னேறினார்கள். இரண்டாம் ஆண்டில் அந்தப் பலன் எழுத்துக்கும் பரவியது. முடிவுகள் 1983-இல் வெளியாயின. பின்னர் இலங்கைப் பள்ளிகளிலும் இதே முறை சோதிக்கப்பட்டுப் பலன் கண்டது.

என்றாலும் கதை வாசித்தால் போதும், சொல் தானாக வரும் என்பவர்கள் ராப் வாரிங்கும் மிசாகோ தகாகியும் 2003-இல் வெளியிட்ட ஆய்வைப் பார்க்க வேண்டும். ஜப்பானிய மாணவர்கள் ஒரு படிநிலைக் கதையை வாசித்தார்கள். அதிலிருந்த 25 புதுச்சொற்களில், மூன்று மாதம் கழித்துப் பொருள் நினைவிருந்தது சராசரியாக ஒன்றே ஒன்று. எட்டு முறைக்குக் குறைவாக வந்த சொல் எதுவும் தங்கவில்லை. ஒரு புத்தகம் வாசித்தவருக்கு ஒரு சொல். இதிலிருந்து வாசிப்பு வீண் என்று முடிவு கட்ட வேண்டியதில்லை. ஒரு புத்தகம் போதாது, ஐம்பது வேண்டும், அதோடு அட்டையும் வேண்டும் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

கேட்பதில் நம் பெரிய இடையூறு நாமே எழுதிக்கொள்வது. ஆங்கிலச் சொல்லுக்கு மேலே பென்சிலால் தமிழ் எழுத்தில் உச்சரிப்பை எழுதிவைக்கும் பழக்கம் தமிழ்வழியில் படித்த பலருக்கும் உண்டு. ‘பெட்’ என்று எழுதினால் அது படுக்கையா, பந்தயமா, வளர்ப்புப் பிராணியா? மூன்றும் ஆங்கிலத்தில் வெவ்வேறு ஒலி. நம் எழுத்தில் ஒன்று. அழுத்தத்தையும் அது காட்டாது. ‘ஃபோட்டோகிராஃப்’ என்பதில் முதல் அசை ஓங்கும், ‘ஃபோட்டோகிராஃபர்’ என்பதில் இரண்டாம் அசை ஓங்கும். இரண்டையும் ஒரே சமமாகச் சொன்னால் கேட்பவருக்குச் சொல்லே பிடிபடாமல் போகலாம். இதற்கு மருந்து காதுதான், அதுவும் பல குரல்களைக் கேட்ட காது. இரு ஒலிகளை வேறுபடுத்த ஜப்பானியருக்குப் பயிற்சி தந்த 1990-களின் ஆய்வுகளில், ஒரே குரலில் பழகியவர்களைவிடப் பல குரல்களில் பழகியவர்களே புதிய குரலையும் புரிந்துகொண்டார்கள்.

படம் பார்த்துக் கற்பவர்களுக்கு ஒரு தகவல். பழக்கமில்லாத ஸ்காட்லாந்து, ஆஸ்திரேலிய ஆங்கிலத்தை நெதர்லாந்துக்காரர்களுக்குக் காட்டி 2009-இல் ஒரு சோதனை நடந்தது. ஆங்கில சப்டைட்டிலோடு பார்த்தவர்களுக்கு அந்த உச்சரிப்பு பழகியது. தாய்மொழி சப்டைட்டிலோடு பார்த்தவர்களுக்குக் கதை புரிந்தது, ஆனால் காது பின்தங்கியது. தமிழ் சப்டைட்டிலை நம்பிப் பார்ப்பது பொழுதுபோக்கு. அது தவறில்லை, படிப்புக் கணக்கில் எழுதாமல் இருந்தால் சரி.

இலக்கணத்தில் சண்டை அதிகம், எனக்குச் சொல்ல இருப்பது குறைவு. விதியை வெளிப்படையாகச் சொல்லித் தருவது பலன் தருகிறது என்று ஜான் நாரிஸும் லூர்தஸ் ஒர்த்தேகாவும் 2000-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டினார்கள். எழுத்தில் தவறுக்குச் சிவப்பு மை அடிப்பது வீண் என்று ஜான் டிரஸ்காட் 1996-இல் சொன்னதற்கு மறுப்புகள் இன்றும் வந்துகொண்டிருக்கின்றன. ‘டிட் நாட் வென்ட்’ என்று எழுதுகிறவருக்கு இலக்கண நூலின் எல்லா அத்தியாயமும் வேண்டாம். தான் திரும்பத் திரும்பச் செய்யும் ஏழெட்டுத் தவறுகளின் பட்டியல் கையில் இருந்தால் போதும்.

இனி பேச்சு. கனடாவில் பிரெஞ்சு வழியில் பாடம் படித்த ஆங்கிலப் பிள்ளைகளை ஆராய்ந்த மெரில் ஸ்வெய்ன், ஆண்டுக்கணக்கில் பிரெஞ்சைக் கேட்டும் வாசித்தும் அவர்கள் நன்றாகப் புரிந்துகொள்கிறார்கள், ஆனால் பேசும்போது பிழை மலிகிறது என்று 1985-இல் சுட்டினார். புரிந்துகொள்ளச் சொல்லின் பொருள் போதும்; பேச வேண்டுமானால் வாக்கியத்தைத் தானே கட்ட வேண்டும். பேசினால் மட்டும் போதுமா என்றால், ரிச்சர்ட் ஷ்மிட் தொடர்ந்து கவனித்த ஒரு ஜப்பானிய ஓவியர் இருக்கிறார். ஹவாயில் குடியேறி, நாளெல்லாம் ஆங்கிலத்தில் பேசி, நண்பர்களையும் தொழிலையும் பிடித்தவர். மூன்றாண்டுகளில் பேச்சு சரளமானது, இலக்கணம் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நின்றது. சொன்னது புரிந்துவிட்டால் திருத்திக்கொள்ளும் கட்டாயம் யாருக்கும் வருவதில்லை.

நம் ஊரில் இதற்கு விடை தேடியவர் என்.எஸ். பிரபு. 1979 முதல் 1984 வரை பெங்களூரு, சென்னைப் பள்ளிகளில் அவர் நடத்திய திட்டம் உலகெங்கும் மொழி ஆசிரியர்கள் அறிந்தது. இலக்கணப் பட்டியலைத் தூக்கி ஓரம் வைத்துவிட்டு, ரயில் கால அட்டவணையைக் கொடுத்து, இந்த ஊரிலிருந்து அந்த ஊருக்கு எந்த வண்டியில் போனால் நேரத்துக்குச் சேரலாம் என்று ஆங்கிலத்தில் கேட்டார். வரைபடம், கணக்கு, ஏரணப் புதிர் என்று பாடம் போனது. மொழி மேல் அல்ல, விடை மேல் கவனம் இருக்கும்போது மொழி உள்ளே போகிறது என்பது அவர் வாதம். தனியாகப் படிப்பவரும் இதைச் செய்துகொள்ளலாம்: சமையல் குறிப்பை ஆங்கிலத்தில் பார்த்துச் சமைப்பது, தன் வண்டியின் கோளாறை ஆங்கிலக் காணொளி பார்த்துச் சரிசெய்வது.

மனப்பாடத்தைத் திட்டுவது இப்போது நாகரிகம். நான் அந்தக் கட்சியில்லை. சீனாவில் தேசிய ஆங்கிலப் பேச்சுப் போட்டிகளில் வென்றவர்களை யான்ரென் டிங் 2007-இல் வெளியிட்ட ஆய்வுக்காகப் பேட்டி கண்டபோது, பாடப்பகுதிகளையும் பட வசனங்களையும் வரி பிசகாமல் மனப்பாடம் செய்ததே தங்களை உயர்த்தியது என்றார்கள். அவர்கள் ஒலியோடு மனப்பாடம் செய்தார்கள், மனப்பாடம் செய்த தொடர்களைப் பேச்சில் எடுத்தாண்டார்கள். நாம் கைடில் உள்ள கட்டுரையை வாய்க்குள் முணுமுணுத்து, தாளில் இறக்கி, மறுநாள் மறந்தோம். நெட்டுருவைவிட, அதைப் பிறகு எங்கேயும் பயன்படுத்தாததுதான் நம்மைக் கெடுத்தது.

நேரத்தை எப்படிப் பங்கிடுவது? நேஷனின் விடை நான்கு சம பங்கு: பொருளுக்காகக் கேட்பதும் வாசிப்பதும் ஒன்று, பொருளுக்காகப் பேசுவதும் எழுதுவதும் ஒன்று, சொல்லையும் இலக்கணத்தையும் நேரடியாகப் படிப்பது ஒன்று, ஏற்கெனவே தெரிந்ததை வேகமாகச் செய்து சரளம் பழகுவது ஒன்று. நம் 1,300 மணி நேரத்தில் ஏறக்குறைய எல்லாமே மூன்றாவது பங்குக்குப் போயிருக்கிறது. நாளுக்கு ஒரு மணி நேரம் கிடைக்கும் ஒருவருக்குச் சொல்லட்டை பத்து நிமிடம், எளிய புத்தகம் இருபது, ஏதேனும் கேட்பது பத்து, பேச்சும் எழுத்தும் இருபது என்று நான் பிரித்துக் கொடுப்பேன்.

அந்தக் கடைசி இருபது நிமிடத்துக்குத்தான் ஆள் கிடைப்பதில்லை. கடையிலோ நண்பர் கூட்டத்திலோ இரண்டு வாக்கியம் ஆங்கிலத்தில் பேசினால் ‘பீட்டர் விடுறான்’ என்ற பட்டம் வந்துவிடும்; தவறாகப் பேசினால் அதைவிட மோசம். நன்றாகப் பேசுகிறவர் முன்னால் வாய் திறக்கவே வராது. நம்மைப்போலவே தடுமாறுகிறவரோடு பழகினால் தவறுதானே ஒட்டிக்கொள்ளும் என்ற அச்சமும் உண்டு. பிரபுவுக்கே அந்த அச்சம் இருந்தது. தன் வகுப்புகளில் மாணவர்களைக் குழுவாகப் பேச விடுவதை அவர் தவிர்த்தார். ஆனால் மைக்கேல் லாங்கும் பாட்ரிஷியா போர்ட்டரும் 1985-இல் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, கற்பவர்கள் தங்களுக்குள் பேசும்போது, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவரிடம் பேசுவதைவிட அதிகமாகத் தவறு செய்யவில்லை. பேசிய அளவு கூடியிருந்தது. இந்த இடத்தில் பிரபுவை விட்டு இவர்கள் பக்கம் நிற்பதே சரி என்று நினைக்கிறேன்.

அதற்கு ஏற்ற பயிற்சியும் இருக்கிறது. ஒரே செய்தியை முதலில் ஒருவரிடம் நான்கு நிமிடம், பிறகு வேறொருவரிடம் மூன்று நிமிடம், மூன்றாமவரிடம் இரண்டு நிமிடம் சொல்ல வேண்டும். நேரம் சுருங்கச் சுருங்கத் தயக்கம் குறைந்து பேச்சு வேகம் கூடுவதை நேஷன் 1989-இல் அளந்து எழுதினார். விடுதி அறையில் நான்கு பேர் இருந்தாலே இது நடந்துவிடும். நால்வரும் ஒரே தரத்தில் இல்லாவிட்டால், ஆங்கிலம் குறைவாகத் தெரிந்தவரைச் சொல்ல விட்டு, அதிகம் தெரிந்தவரைக் கேள்வி கேட்பவராக உட்கார வைக்க வேண்டும். மாற்றி வைத்தால் தெரிந்தவரே பேசி முடித்துவிடுவார், மற்றவர் தலையாட்டிக்கொண்டிருப்பார்.